சயாம் மரண ரயில்: சிகிச்சை அளித்தது யார்?

"சயாம் ரயில்பாதைக் கைதிகளுக்கு ஜப்பான் ராணுவம் மருத்துவமனை முகாம்கள் கட்டி முழுச் சிகிச்சை அளித்தது" என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறு. இரண்டாம் உலகப் போரின்போது போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பான் ராணுவம் அமைத்ததுதான் இந்த ரயில்பாதை.

தாய்லாந்தின் சுங்காய் போன்ற இடங்களில் மருத்துவமனை முகாம்கள் இருந்தது உண்மை. ஆனால் அங்கே வைத்தியம் பார்த்தவர்கள் கைதிகளாகப் பிடிபட்ட மருத்துவர்களே. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மருந்துகளில் பெரும்பகுதியை ஜப்பானியர் தடுத்து வைத்தார்கள். புரையோடிய காலை வெட்டி எடுக்க வேண்டிய நிலையிலும் கருவிகளுக்குப் பஞ்சம். சுங்காயில் கனடிய அறுவை மருத்துவர் ஜேக்கப் மார்கோவிட்ஸ், தானமாகப் பெற்ற ரத்தத்தை உறையாதபடி கடைந்து, திரண்ட நார்ப்பொருளை (ஃபைப்ரின்) நீக்கி, துணியில் வடிகட்டி நோயாளிகளுக்கு ஏற்றினார். இதையா ஜப்பானின் கருணை என்பது?

இறந்த போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களோ, பெரும்பாலும் தங்களுக்கென மருத்துவரே இல்லாமல் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள்.