ஜாமீனில் வந்ததை டீக்கடையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்கு ஒரு வேலை நாளில் போய்ப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இருக்கிறார், அரசுக்கும் வக்கீல் இருக்கிறார். அடிபட்ட குடும்பம் சம்மனை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, டவாலி எப்போது பெயரைக் கூப்பிடுவார் என்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. வாய்தா போட்டால் ஏன் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

எங்கள் தெரு அக்கா ஒருவரின் மகனுக்கு இடத்தகராறில் கையில் வெட்டு விழுந்தது. அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இரண்டு விரல் மடங்காது. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டிய பையன், வேலை போய்விட்டது. கைதானவன் ஜாமீனில் வந்ததை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. காய்கறி வாங்கப் போனவர் அவனை டீக்கடையில் பார்த்து, பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். அப்புறம் இருட்டினால் மகனை வாசலுக்குக்கூட விடுவதில்லை.

ஜாமீன் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது, சரி. ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 193ஆம் பிரிவுப்படி, புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவித்தாக வேண்டும். போனில் ஒரு மெசேஜ் அனுப்பினாலே போதும். எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். அக்கா அதற்கே நடையாய் நடந்தார். உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது கார் ஏற்றியதாகத் தொடரப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் ஜாமீனை ரத்து செய்தபோது, புலனாய்வு தொடங்கி மேல்முறையீடு வரை பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது.

இழப்பீடும் அப்படித்தான். குற்றவாளி யார் என்றே தெரியாமல், விசாரணையே நடக்காமல் போனாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? கேஸ் முடிந்தால்தான் பணம் என்று நினைத்து, கந்துவட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்க்கிறார்கள்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் தேதியும், வந்த உத்தரவும் பாதிக்கப்பட்டவரின் போனுக்கு ஸ்டேஷனிலிருந்தே போக வேண்டும். கோர்ட்டில் அவர்கள் உட்காரத் தனி இடம் வேண்டும். எதிர்த்தரப்பு ஆட்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் அதே வராந்தாவில் ஒரு தாய் எப்படி தைரியமாகக் காத்திருப்பார்?

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணைக் கொடுங்கள். முடிந்தால் மனு எழுத நீங்களும் கூடப் போங்கள்.