ஆயாக்கொட்டகை நம் அம்மாக்களுக்கும் வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் முதியோர் நலச் சங்கம் தொடங்கியபோது இருந்தது ஒரு சக்கர நாற்காலி மட்டும்தான். இன்று சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் உதவி கேட்டு வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் அடுத்தது சொந்தக் கட்டடம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது என் மனம் ஒப்பவில்லை.

காரணம் என் அம்மா. பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், விட்டால் புண் வந்துவிடும். பெம்பர்ஸ் மாற்ற வேண்டும், மூக்குக் குழாயில் பால் ஊற்ற வேண்டும். அந்த மூன்று வருடத்தில் நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனதில்லை. பல்வலிக்கு மருந்து வாங்கக்கூடப் பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டுத்தான் ஓடினேன். வந்தவர்கள் எல்லாரும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்கள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டது அந்த அக்கா ஒருவர்தான்.

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் தாய்மார்கள் கைக்குழந்தையை அங்கே விட்டுப் போவார்கள். தாய் வேலைக்கு இறங்க வேண்டுமென்றால் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது தோட்ட நிர்வாகி துரைக்கே தெரிந்திருந்தது. முதியவர்களைப் பார்க்கும் மகளுக்கும் மருமகளுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டாமா?

சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்போருக்கும் தனி உதவி உண்டு. அதற்கான விண்ணப்பப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கிறோம், நல்ல வேலைதான். ஆனால் பணம் வந்தாலும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப முடியாதே.

அதனால் கட்டடம் பிறகு வரட்டும். பகல் பராமரிப்பு மையம் என்றால் 1993 பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவும் வேண்டும், நாளாகும். முதலில் புரட்டவும் தூக்கவும் ஊட்டவும் நாலு பெண்களுக்குப் பயிற்சி கொடுப்போம், சம்பளமும் கொடுப்போம். ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம் போய் உட்காரட்டும். காசுக்கு எங்கே போவது என்கிறார்கள். 1960இல் நம் ஊர்த் தலைவர், அமைச்சராக இருந்த சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது, தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில். நாமும் அப்படிச் சேர்க்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். ஆள் கிடைக்கும்வரை வியாழக்கிழமை நான் வருகிறேன். மற்ற நாள்களுக்கு யார் வருகிறீர்கள்?