மூன்று முறை அலசியும் போகாத பிசுக்கு

சலூனில் முடி வெட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் ஆகிறது, இன்னும் தலையில் விரலை விட்டால் மெழுகு தடவிய மாதிரி ஒட்டுகிறது. வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சீரம், அதற்கு மேல் வேக்ஸ், அப்புறம் ஸ்ப்ரே என்று அடுக்கிவிட்டார்கள். மூன்று தடவை ஷாம்பு போட்டாகிவிட்டது. நுரையே வரவில்லை, சீப்பின் பல்லிடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் பிசுக்குதான் வருகிறது. சீரத்தில் இருக்கும் டைமெத்திகோன் ஒரு சிலிகோன், தண்ணீரில் கரையவே கரையாது, சல்ஃபேட் என்ற வலுவான நுரைப்பொருள் இல்லாத மென்மையான ஷாம்புவுக்கு அவ்வளவு லேசில் அசைந்து கொடுக்காது. கடைசியில் காய்ந்த முடியிலேயே எண்ணெய் தேய்த்து வேக்ஸை இளக்கி, பிறகு சல்ஃபேட் உள்ள, முடியில் படிந்ததை அகற்றும் கிளாரிஃபையிங் ஷாம்புவை இரண்டு முறை போட்டபோதுதான் கொஞ்சம் விட்டது. காதுக்குப் பின்னால் இன்னும் ஒட்டுகிறது. போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?