ஈசல் பஞ்சத்துக்குத் தின்றதல்ல
பூச்சி தின்பது பஞ்சத்தில் வந்த பழக்கம், வயிறு நிறைந்தவன் தொடமாட்டான் என்று பூச்சி உணவு பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. அது ஈசலுக்குப் பொருந்தவில்லை. எங்கள் பக்கம் மழை விட்ட சாயங்காலம் புற்றுப் பக்கத்தில் விளக்கை வைத்து, கீழே தண்ணீர்ச் சட்டி வைப்பார்கள். விழுந்ததை அள்ளி வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். அப்புறம் வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, கொஞ்சம் உப்பு. குதிர் நிறைய நெல் இருந்த வீட்டிலும் இதற்குப் போட்டிதான் (உண்மையில் தேங்காய்க் கீற்று சேர்த்தால் ருசியே தனி). புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டு வளத்தைச் சொல்லும்போதே செம்புற்று ஈசலைப் புளித்த மோரில் சமைப்பதைச் சொல்கிறார், 119ஆம் பாட்டு. பஞ்சத்தைப் பாடிய பாட்டில்லை அது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'ஆறு கால் ஜந்துவை எப்படி வாயில் வைப்பது' என்று கேட்டிருக்கிறார். இறாலுக்கும் நண்டுக்கும் கால் இன்னும் அதிகம், ஈசல், இறால், நண்டு மூன்றும் கணுக்காலிகள்தான். யூதர்களின் உணவு விதியில் இறால், நண்டு கூடாது, சில வகை வெட்டுக்கிளி கூடும். ஏமன் யூதர்கள் அதைச் சமைத்துத் தின்றவர்கள். அவர்களிடம் இறால் தொக்கை நீட்டினால் நண்பர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.