கனமான ஸ்பிரிங் போட்டால் கீபோர்டு சுவிட்சின் பம்ப் பலமாகிவிடாது

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். அழுத்தும்போது விரலுக்கு ஒரு சிறு மேடு (பம்ப்) தட்டுப்படுகிற, சத்தம் குறைந்த வகைதான் சைலன்ட் டாக்டைல். “சைலன்ட் டாக்டைல் சுவிட்சில் 62 கிராம் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 78 போடுங்கள், பம்ப் பலமாகும், சத்தமும் குறையும்” என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

விரலுக்குத் தட்டுப்படும் அந்த மேடு ஸ்பிரிங்கிலிருந்து வருவதில்லை. ஸ்டெம்மின் (கீயோடு சேர்ந்து இறங்கும் பிளாஸ்டிக் தண்டு) கால்களில் உள்ள புடைப்பு, சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கும்போது வருவது அது. கனமான ஸ்பிரிங் போட்டால் மொத்த அழுத்தமும் ஏறி, மேடு அதற்குள் அமுங்கிப்போகும். செர்ரி எம்எக்ஸ் கிளியர் என்ற டாக்டைல் சுவிட்சில் லேசான ஸ்பிரிங்கை மாட்டி ‘எர்கோ கிளியர்’ ஆக்கிக்கொள்கிறார்களே, ஏன் என்று நினைக்கிறீர்கள்?

சத்தத்தை அடக்குவது ஸ்டெம்மில் இருக்கும் ரப்பர் மெத்தைதான். ஸ்பிரிங் கனமானால் கீ வேகமாக மேலே எகிறி சுவிட்சின் மூடியில் மோதும், அவ்வளவுதான். (ஸ்பிரிங்கே ‘கிணுங்’ என்றால் அதற்குக் கொஞ்சம் எண்ணெய் போதும்.)

அதற்காக ரொம்ப லேசாகவும் இறங்காதீர்கள். நான் 50 கிராம் போட்டுப் பார்த்ததில் சில கீகள் பாதி வழியிலேயே சோர்ந்து நின்றன. உராய்வைத் தாண்டித் திரும்பி வர ஸ்பிரிங்குக்குத் தெம்பு வேண்டுமே. வாங்குமுன் அந்த எண் அடிவரை அழுத்தும் விசையா, எழுத்து பதிவாகும் இடத்து விசையா என்றும் பாருங்கள்.