8 வயதுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி வாரத்துக்கு நான்கைந்து முறையாவது என்னிடம் வந்துவிடுகிறது. "டீச்சர், பையனுக்கு 8 வயது முடிந்துவிட்டது, தமிழில் நல்லதாகப் பத்துப் புத்தகம் சொல்லுங்கள், வாங்கிப் போட்டுவிடுகிறேன்" என்கிறார்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில், பணி ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்து வருகிறேன். அதனால் என் கையில் பட்டியல் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. பட்டியல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பதுண்டு: அவன் கடைசியாகப் பாதியில் மூடி வைத்த புத்தகம் எது? பெரும்பாலானோருக்கு இதற்கு விடை தெரிவதில்லை. சிலர், பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, "அப்படியெல்லாம் இல்லை டீச்சர், எடுத்தால் முடித்துவிடுவான்" என்று அவனுக்காக வாதாடுகிறார்கள்.

பாதியில் மூடிய புத்தகம் எனக்கு வேண்டிய தகவல் முழுவதையும் சொல்லிவிடும். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் களைத்துப்போய் மூடினானா, கதை பிடிக்காமல் மூடினானா, முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிட்டதால் மூடினானா என்பது தெரிந்தால்தான் அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுக்க முடியும். வயது மட்டும் தெரிந்தால் சட்டை வாங்கலாம். அதுவும் பல நேரம் அளவு சரியாக இருப்பதில்லை.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, சென்ற ஆண்டு ஒவ்வொரு வாரமும் தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்துச் செல்வாள், மறு வாரம் திருப்பிக் கொடுப்பாள். அதில் என்ன இருந்தது என்று கேட்டால், பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் மட்டும் சொல்வாள். பொதுக்கட்டுரைக்கு உதவும் என்று அம்மா தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை அவை. ஒரு நாள் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த பாம்புகளைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு முறை படித்து முடித்தாள். அது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். ஆனால் சாரைப்பாம்புக்கும் நல்லபாம்புக்கும் உள்ள வேறுபாட்டை அன்று மாலை அந்தத் தெரு முழுவதற்கும் விளக்கியிருக்கிறாள் என்று அந்த அம்மாவே பிறகு என்னிடம் சொன்னார். ஆறே மாதத்தில் அவள் பறவைகளுக்கும், அங்கிருந்து காட்டுக் கதைகளுக்கும் தானாகவே போய்விட்டாள்.

'டோட்டோ-சான்' படித்தவர்களுக்கு அதில் வரும் ரயில்பெட்டிப் பள்ளி நினைவிருக்கும். 1981இல் ஜப்பானில் வெளிவந்து, நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழுக்கும் வந்த புத்தகம். அந்தப் பள்ளிக்கு ஒரு நாள் புதிதாக ஒரு பெட்டி வந்து சேர்கிறது. அதைத் தலைமை ஆசிரியர் கோபயாஷி நூலகமாக்கிவிடுகிறார். இந்த வகுப்புக்கு இந்தப் புத்தகம் என்று எதுவும் கிடையாது, யாரும் எதையும் எடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம், படித்ததும் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்கிறார். குழந்தைகள் நூலகத்துக்கு இதைவிடச் சிறந்த விதிமுறையை எந்த அரசாணையிலும் நான் பார்த்ததில்லை. நம் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக அச்சிட்ட சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருப்பதும் இதற்கு அருகில் வருகிறது. அங்கே வயது இல்லை, வகுப்பு இல்லை. வாசிக்கும் திறன் மட்டுமே அளவுகோல். ஏழாம் வகுப்பு மாணவன் 'நட' புத்தகத்தை எடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

இப்போது வாசித்துக் காட்டுவதற்கு வருகிறேன், ஏனென்றால் என் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பகுதி அதிலேயே கழிகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் அவன் கேட்பது "அம்மா சமைச்சுக்கிட்டிருந்தாங்க". புத்தகத்தில் அவன் காண்பது "அம்மா சமைத்துக்கொண்டிருந்தார்". நமக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ, பத்து எழுத்தைத் தாண்டி வந்த பிறகும் அது தான் தினமும் கேட்கும் சொல்தான் என்ற அடையாளம் கிடைப்பதில்லை. சந்தி சேர்ந்த நீண்ட சொற்கள் வந்தால் இன்னும் தொல்லை. பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டும் இடங்களில் பாதி, அவன் காது அந்தத் தமிழை இன்னும் கேட்டுப் பழகவில்லை என்பதாகத்தான் இருக்கும்.

ஆகவே முதல் முறை கதையைப் பேச்சுத் தமிழில், எங்கள் ஊர் வழக்கிலேயே சொல்லிவிடுவேன். இரண்டாம் முறை, அடுத்த வாரமோ அதே நாளோ, புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அச்சில் இருப்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் நிறுத்தி வாசிப்பேன். கதை முன்பே தெரிந்திருப்பதால் அவர்கள் கவனம் சொற்களின் மேல் போகும். மூன்றாம் முறை நான் வாசிக்க வேண்டியதே இல்லை; யாராவது ஒருவன் "நான் படிக்கிறேன் டீச்சர்" என்று புத்தகத்தை இழுத்துக்கொள்வான். எழுத்துத் தமிழை எளிமைப்படுத்தி, எல்லாவற்றையும் பேச்சு நடையிலேயே வாசிக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. காதில் விழாத மொழி கண்ணுக்குப் பிடிபடாது. எழுத்துத் தமிழைக் குழந்தை கேட்பதற்கு நம் ஊரில் தொலைக்காட்சிச் செய்தியை விட்டால் வேறு இடமில்லை. செய்தியை விரும்பிக் கேட்கும் 6 வயதுப் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, புத்தகங்கள். மிகச் சிறியவர்களுக்கு, பக்கத்துக்கு ஒரு வரியும் பெரிய படமும் உள்ள எதுவும் நன்று. நேஷனல் புக் டிரஸ்டும் சென்னையின் தூலிகா பதிப்பகமும் இவ்வகையில் நிறையச் செய்திருக்கின்றன. பிரதம் புக்ஸ் தன் ஸ்டோரிவீவர் தளத்தில் பல மொழிக் கதைகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. அச்செடுத்து நூலால் தைத்துக்கொண்டால் பாயில் வைத்து வாசிக்கலாம். சற்று வளர்ந்தவர்களுக்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்கள். வங்கிப் பணியில் இருந்தபடியே குழந்தைகளுக்காக எழுதிக்கொண்டிருந்தவர் அவர், 1922இல் பிறந்தவர். அந்தப் பாடல்களில் வரும் பொருள்கள் சில இன்று வீடுகளில் இல்லை என்றாலும், எதுகையின் ஓட்டம் நாக்கைத் தானே இழுத்துக்கொண்டு போகிறது. தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய கைத்தடி.

9, 10 வயதில் இருப்பவர்களுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதிய நாவல். 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இதை வாசித்த வாரங்களில் பிள்ளைகள் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி வந்து, தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியில் தங்கள் பெயரைக் கீறினார்கள். கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயர் உண்மையிலேயே இருக்கிறது என்று படம் காட்டியபோது, என் பெயரும் 2,000 வருடம் இருக்குமா என்று ஒருவன் கேட்டான். அவன் கீறிய சில்லு இப்போது நூலகரின் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க உதவுகிறது.

எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க வேண்டியது. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலை அது பேசுகிறது, கண்ணியமாகப் பேசுகிறது. இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் பள்ளிப் பிள்ளைக்குப் பரிசளிப்பதைப் பல விழாக்களில் பார்த்திருக்கிறேன். அது ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்க வேண்டிய கதை என்பது என் எண்ணம். அடி வாங்கினால் வலிக்காமல் இருக்க மருந்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு இறந்துபோகும் சிறுமியின் கதையை, அடிக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் அல்லவா முதலில் கொடுக்க வேண்டும்?

நூலக நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா வருகிறது. உடனே பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி. எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் ஒரே காலையில் அறுபது பிள்ளைகள் வந்து தரையில் அமர்ந்து ஓவியம் வரைந்தார்கள். அன்று அங்கிருந்து வீட்டுக்குப் போன புத்தகங்கள் நான்கு. வரைந்த பிள்ளைகளுக்குப் பின்னால், ஓர் அடி தூரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் குழந்தைப் புத்தகங்கள் பூட்டிக் கிடந்தன. சாவியைத் தேடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஏற்கெனவே பேச வருகிற மூன்று பேர்தான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறார்கள். மீதிப் பேருக்கு நூலகம் என்பது தோற்றுப்போன இன்னொரு இடமாகப் பதிந்துவிடுகிறது. நூலகரை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல மாட்டேன். கிழிந்தாலும் தொலைந்தாலும் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர். பூட்டி வைத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

எங்கள் நூலகர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பீரோவின் கதவைக் கழற்றி, முதுகு தெரிய அடுக்கியிருந்தவற்றில் நாற்பதை அட்டை தெரியும்படி பெஞ்சில் வைத்தார். மற்றபடி நாங்கள் செய்வது சிறு வேலைகள்தான். கதையை முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியை அறிய வேண்டுமானால் புத்தகத்தை எடுத்துப் போகலாம் என்று சொல்வது. இரண்டு பேர் கேட்டால் சீட்டுக் குலுக்குவது. படித்து முடித்தவர், தேதித்தாளுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய வெள்ளைத் தாளில் அடுத்தவருக்கு ஒரு வரி எழுதுவது. "47ஆம் பக்கம் பயமா இருக்கும், பகல்ல படி" என்று ஒருத்தி எழுதி வைத்த புத்தகம் அதன் பிறகு அலமாரியில் தங்கவே இல்லை. ஆசிரியராக இருந்து நான் எழுதிய எந்தப் பரிந்துரைக்கும் அந்த வலிமை வாய்த்ததில்லை.

நூலகத்துக்கு வர முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேருந்து ஞாயிறன்று வராத ஊர்களுக்கு முப்பது புத்தகங்களை ஒரு பையில் போட்டு மாதம் ஒரு முறை கொண்டுபோகிறோம். இதில் புதுமை ஒன்றுமில்லை. 1931இலேயே கனகசபைப் பிள்ளை இதே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூலகத்தை ஓட்டியிருக்கிறார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் இரண்டாவது. 8 வயது என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை.

பத்துப் புத்தகம் வாங்கிப் போடுவதாகச் சொன்ன பெற்றோருக்கு ஒன்று: சொத்து வரியோடு நூலக வரியையும் நீங்கள் கட்டுகிறீர்கள், எனவே அந்தப் பத்தும் ஏற்கெனவே நீங்கள் வாங்கியவைதான். பிள்ளையை அழைத்து வாருங்கள், அவனே எடுக்கட்டும், நீங்கள் பத்து நிமிடம் நாளிதழ் படியுங்கள். வரும் ஞாயிறு காலை 10.30க்கு 'டோட்டோ-சான்' தொடர்கிறோம். புதிய ரயில்பெட்டி இரவில் எப்படி வந்து சேரும் என்று பார்க்கப் பிள்ளைகள் பள்ளியிலேயே படுத்துத் தூங்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். போன வாரம் 23 பேர் வந்துவிட்டார்கள், பாய் இரண்டு குறைகிறது. வீட்டில் பழைய கோரைப்பாய் இருந்தால் கொண்டுவாருங்கள்.