யூதர்களின் வார ஓய்வுநாளான சபாத்தில் உயிரைக் காப்பாற்றத் தடையா?
"சபாத்தன்று ஒருத்தர் சாகக் கிடந்தாலும் யூதர்கள் கைகட்டி நிற்பார்கள், அதுதான் அவர்கள் சட்டம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் சொல்வது நேர் எதிர். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி, 8ஆம் அதிகாரம் பாருங்கள்: கட்டடம் இடிந்து விழுந்து, அடியில் ஆள் இருக்கிறாரா, உயிர் இருக்கிறதா என்பதே சந்தேகமென்றாலும் சபாத்தன்று தோண்டியே ஆகவேண்டும். 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் ஒரு படி மேலே போய், இப்படி உயிர் காக்கும் வேலையைச் சிறுவர்களிடமோ வேற்று இனத்தாரிடமோ தள்ளிவிடாமல் கற்றறிந்த பெரியவர்களே செய்யவேண்டும் என்கிறார்.

நீங்கள் காட்டிய மக்கபேயர் (கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஆட்சியை எதிர்த்துப் போராடிய யூதர்கள்) காலச் சம்பவம் சரிதான். ஓய்வுநாளில் தாக்க வந்த படையை எதிர்க்க மறுத்துச் சுமார் ஆயிரம் பேர் மடிந்தார்கள். ஆனால் அதைக் கேட்ட போராட்டத் தலைவர் மத்தத்தியாவின் கூட்டத்தார், இனி ஓய்வுநாளிலும் திருப்பித் தாக்குவோம் என்று அன்றே முடிவெடுத்தார்களே, மக்கபேயர் முதல் நூலில் அடுத்த சில வரிகளிலேயே வருகிறது. அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?